ஓட்னி வாசித்த முதல் அத்தியாயம்

"அந்த டாக்டர் கொல்லல! பொண்டாட்டிய உசுரா வெச்சிருந்தவன்யா அவன். உங்க எல்லாருக்கும் மூளை இந்த வெந்நீர்லயே வெந்து போச்சா?" என்று ஓட்னி சீறி விழுந்தாள்.

தொட்டியில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமைக் காலை அது. எங்கள் ஊர் நீச்சல் குளத்தை ஒட்டினாற்போல் இருக்கும் வெந்நீர்த் தொட்டியில் கழுத்து வரை முங்கி உட்கார்ந்து, முந்தின சாயங்காலம் டிவியில் பார்த்ததை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்போம். ஐஸ்லாந்தின் இந்த வடகோடியில் எங்களுக்கு அதற்கு மேல் ஒரு சபை கிடையாது. மேலே பனி கொட்டும், கீழே உடம்பு வேகும், தலையில் கம்பளிக் குல்லாய் இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். ஆவியில் அது எதற்கும் உதவாது. ஆகவே தொட்டிக்குள் எல்லாருக்கும் அரைப் பார்வைதான். ஓட்னிக்கு உலகத்திலேயே பயமில்லாத இடம் அது ஒன்றுதான். இன்றைக்கு அதிலும் மண் விழுந்தது.

"ஓட்னி," என்றான் பெர்குர். கடலை விட்டுக் கரையேறிய பழைய படகுக்காரன். "அவன் தலகாணிய எடுத்து அவ மூஞ்சில வெச்சு அமுக்கினான். எவ்வளவு நேரம் காட்டினானுங்க தெரியுமா? நான் எழுந்து ஒண்ணுக்குப் போயிட்டு வந்தேன். அப்பவும் அமுக்கிட்டுத்தான் இருந்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேரம் முழுக்க ஓட்னி காதில் விழுந்தது வயலின் மட்டும்தான். அப்புறம் ஓர் ஆண்பிள்ளை விம்மி விம்மி அழுதான். பாவம், பெண்டாட்டி தூக்கத்தில் செத்துப்போயிருக்கிறாள், துக்கம் தாங்காமல் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். தலையணையை அவள் பார்க்கவே இல்லை.

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள் உடனே. நாக்கு மட்டும் அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை. "அமுக்கினது கை. மனசு அமுக்கல. நான் மனசச் சொல்றேன், நீ தலகாணியப் பிடிச்சுத் தொங்கற."

"அப்படிப் போடு!" என்று பெர்குர் தண்ணீரைத் தட்டினான். "இதுக்குத்தான் ஓட்னி வேணுங்கறது."

ஹல்பேரா மட்டும் சிரிக்கவில்லை. முகத்து ஆவியைத் துடைத்துக்கொண்டு ஓட்னியையே பார்த்தாள். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு மீன் ஆலைக்குப் போன நாளிலிருந்து இருவரும் சேக்காளிகள்; வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு. பெர்குரின் கத்தலை ஓட்னி சமாளித்துவிடுவாள். ஹல்பேராவின் பார்வையைத்தான் சமாளிக்க முடியாது.

மீன் ஆலையில் ஓட்னியின் கண்ணுக்கு ஒரு பேர் இருந்தது. அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகை மேல் மீன் துண்டை விரித்து, சதைக்குள் சுருண்டிருக்கும் புழுவைக் கத்தி முனையால் எடுத்துப் போட வேண்டும். அவள் பார்த்து அனுப்பின துண்டை மறுபடி பார்க்க ஆள் தேவையில்லை என்று மேஸ்திரியே சொல்வான். ஓய்வு பெறும் வரை பகலெல்லாம் அந்த வேலை. சாயங்காலமானால் டிவி, சினிமா, கதைப்புத்தகம். புருஷன் போன பிறகு அவள் வீட்டில் பேச்சுத்துணை அதுகள்தான்.

பார்த்ததையும் படித்ததையும் பற்றி அவள் சொல்லாமல் விட்டதில்லை. சூப்பர் ஹீரோ படத்துக்கு: "ரெண்டரை மணி நேரம் ஊரை இடிக்கிறானுங்க. ஒருத்தனாவது குந்தி ஒரு வாய் சாப்பிட்டானா? பசிக்காதவன எப்படிடா நம்பறது?" துப்பறியும் தொடருக்கு: "இந்தப் போலீஸ்காரனுங்க எவனுக்கும் பொண்டாட்டி தங்க மாட்டேங்கிறா, மக பேச மாட்டேங்கிறா. ஃபிரிட்ஜத் தொறந்தா ஒரு காஞ்ச எலுமிச்சம்பழம். கொலைகாரன நாளைக்குப் பிடிக்கலாம், இன்னைக்குக் கடைக்குப் போயேன்டா!" காதல் நாவலுக்கு: "மழை வந்தா உடனே முத்தம். நம்மூர்ல அப்படிப் பார்த்தா வருசம் பூரா வாயே ஓயாது." கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கவென்றே வருகிற கொலை நாவலுக்கு: "கிறிஸ்துமஸுக்குள்ள புத்தகத்துல இத்தன பேரச் சாகடிச்சா, அப்புறம் வாங்கறதுக்கு எவன் மிஞ்சுவான்?"

அவள் 'பரவால்ல' என்றால் நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்கு வரிசை நிற்கும். 'இழுவை' என்றால் அது அலமாரியில் தூசி தின்ன வேண்டியதுதான்.

போன குளிர்காலத்தில் டிவி இருட்டாகத் தெரிய ஆரம்பித்தது. அதற்காக அவள் பயப்படவில்லை. ஏனென்றால் ஊரே அந்தக் குறையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தக் காலத்துத் தொடர்களை எடுக்கிறவர்களுக்கு விளக்குப் போடுவதென்றால் கசக்கிறது. கொலையும் இருட்டில், கலியாணமும் இருட்டில். "லைட்டப் போட்டுத் தொலைங்கடா, கரண்ட் பில்லு நான் கட்டறேன்" என்று பெர்குர் தொட்டியில் கத்துவான். ஓட்னியும் கூடச் சேர்ந்து கத்துவாள். அப்படியே ஒரு குளிர்காலம் முழுக்கத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள்.

வெளிச்சக் காலம் வந்தது. ராத்திரியே இல்லாத ஜூன் மாதம். இப்போது டிவிக்கு வெளியேயும் கோணல் தெரிந்தது. கதவு நிலை நடுவில் வளைந்து தெரிந்தது. துறைமுகத்தில் நேராக நிற்கிற பாய்மரம் பாம்பு மாதிரி நெளிந்தது. ஒருநாள் சமையலறையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். சுவர் தெரிந்தது, ஆணி தெரிந்தது. கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை இருந்தது. கண்ணைக் கசக்கினாள். கறை போகவில்லை. திரும்பிக் கெட்டிலைப் பார்த்தாள். கறை கெட்டிலின் மேல் வந்து உட்கார்ந்தது.

அன்றைக்கு அவள் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அம்மா ஞாபகம் வந்துவிட்டது. இதே வயதில்தான் அம்மாவுக்கும் கண் போனது. பின்கட்டு அறையில் ஜன்னலைப் பார்க்கப் போட்டிருந்த நாற்காலியில், ஒன்றும் தெரியாத ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதலில் வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் பேசினார்கள். அப்புறம் அவளைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் அவள் தலைக்கு மேலே, அவள் இல்லாதது மாதிரி பேசினார்கள். "யாரு வந்திருக்கா? என்ன சிரிப்பு?" என்று அம்மா கேட்பாள். "ஒண்ணுமில்லம்மா" என்பார்கள். அந்த 'ஒண்ணுமில்லம்மா'வைச் சொன்னவர்களில் ஓட்னியும் ஒருத்தி.

டாக்டரிடம் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பேர் வைப்பார்கள். பேர் வைக்காத வரைக்கும் அது வெறும் களைப்பு. மகள் லில்யா தலைநகரத்திலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், "எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லி வைத்தாள். காரைத் தொடுவதில்லை, கேட்டவர்களிடம் பேட்டரி செத்துப்போச்சு என்றாள். சாலையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தே தொட்டிக்குப் போவாள்.

எங்கள் ஐஸ்லாந்துத் தொடர் என்றால் காதால் கேட்டுச் சமாளிக்கலாம். ஆங்கிலத் தொடர், டென்மார்க் தொடர் எதையும் இங்கே எங்கள் பாஷையில் பேச வைப்பதில்லை. சப்டைட்டில்தான் கதி. ஓட்னிக்கு ஐஸ்லாந்து பாஷையைத் தவிர வேறு வராது. எழுத்து அழிந்ததும் கதையும் அழிந்தது. குரலை வைத்து நல்லவன் கெட்டவன் என்று யூகிப்பாள். அந்த ஸ்காட்லாந்துத் தொடரில் வந்த டாக்டரின் குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது, அதனால் மாட்டிக்கொண்டாள். புத்தகத்துக்கு வேறு தந்திரம். இரவல் வாங்கி ரெண்டு நாள் மேஜையில் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பாள். "ஆரம்பம் ஜோர், நடுவுல இழுவை, முடிவு சப்புனு இருக்கு" என்பாள். எந்தப் புத்தகத்துக்கும் அது பொருந்தியது. ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை.

நவம்பர் கடைசியில் நூலகத்துப் பெண் ஈரிஸ், குளத்தின் உடை மாற்றும் அறையிலேயே அவளைப் பிடித்தாள்.

"ஓட்னி, புத்தகச் சாயங்காலத்துக்கு இந்த வருசமும் நீங்கதானே? நோட்டீஸ்ல பேர் போட்டாச்சு."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லா ஊரிலும் புதுப் புத்தகங்களை வாசித்துக் காட்டுவார்கள். பெரிய ஊர்களுக்கு எழுத்தாளர்களே போவார்கள். எங்கள் ஊருக்கு மலைப்பாதை தாண்டிப் பனியில் எவன் வருவான்? அதனால் அந்த வருசத்துக் கொலை நாவலின் முதல் அத்தியாயத்தை ஓட்னிதான் வாசிப்பாள். பல வருசத்து வழக்கம் அது.

ஓட்னி துண்டால் தலையைத் துவட்டுகிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டாள். 'தொண்டை கட்டியிருக்கு' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்து பெஞ்சிலிருந்து ஹல்பேராவின் குரல் வந்தது.

"உனக்கு முடியலன்னா சொல்லுடி. நான் வாசிக்கறேன்."

"நீ வாசிச்சா கொலைகாரனே தூங்கிப்போயிடுவான்," என்று ஓட்னி வெடுக்கென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், தன் கழுத்துக்குத் தானே சுருக்கு மாட்டிக்கொண்டது தெரிந்தது.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பகல் என்று சொல்கிற அந்த ரெண்டு மூன்று மணி நேர மங்கல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் போய் நின்றாள். நேராகப் பார்த்தால் கறை. தலையைக் கோழி மாதிரி சாய்த்து, இடது கண்ணின் ஓரத்தால் பார்த்தால் ஒரு எழுத்து வரும், அடுத்தது வருவதற்குள் முதலாவது ஓடும். ஆளில்லாத ஒரு படகு துறைமுகத்துக்குள் வருகிறது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, மேஜை மேல் காப்பி சூடாக இருக்கிறது. அவ்வளவுதான் தேறியது. அதற்கே பொழுது போய்விட்டது. மறுநாள் உட்கார்ந்தபோது நேற்று வந்த வரிகளே வரவில்லை. இடது கண்ணிலும் கறை வந்துவிட்டதோ, இல்லை வெளியே மேகமோ? அதைக்கூட அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. புத்தகத்தைத் தூக்கிச் சோபாவில் எறிந்தாள். பிறகு தேடினாள். தடவித் தடவித் தேட வேண்டியிருந்தது. அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

அந்தச் சாயங்காலம் வந்தது. நூலகம் நிறைய ஆள். ஜன்னலில் மெழுகுவர்த்தி, தட்டுகளில் சர்க்கரை தூவிச் சுருட்டிய, தோசை மாதிரியான பான்கேக், பெரிய காப்பிக் கூஜா. ஓட்னி விளக்கடியில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே இருந்தவர்களுக்குத் தோள் இருந்தது, காது இருந்தது, முகம் இல்லை. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தாள். கதவு எந்தப் பக்கம் என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

புத்தகத்தைத் திறந்தாள். மனப்பாடம் பண்ணின படகு துறைமுகத்துக்குள் வந்தது. எஞ்சின் ஓடியது. காப்பியில் ஆவி பறந்தது. வரிகள் தீர்ந்தன. பக்கம் முழுக்கச் சாம்பல்.

எங்கோ ஒரு கரண்டி கோப்பையில் தட்டியது. யாரோ இருமினார்கள். இன்னொரு மூச்சு நேரம் தாமதித்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

"துறைமுகத்துக்கு மேலே இருந்த வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்தாள்," என்று ஓட்னி தொடர்ந்தாள். குரல் தன்னுடையதாகவே இல்லை. "அவள் வீட்டுக்குள் ஒரு மனுஷன் வந்திருந்தான். சாம்பல் நிறத்து மனுஷன். எப்போது வந்தான் என்று அவளுக்குத் தெரியாது. கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தால் அவன் கடிகாரத்தின் முன்னால் நின்றான். கதவைப் பார்த்தால் கதவை மறைத்தான். அவன் ஒன்றும் பேசவில்லை. அவளைத் தொடவும் இல்லை. அவள் எதைப் பார்க்க ஆசைப்படுகிறாளோ அதன் முன்னால் மட்டும் வந்து நின்றான்."

ஒரு பக்கத்தைத் திருப்பினாள். கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

"மகளின் போட்டோவைக் கையில் எடுத்தாள். மகளின் முகத்தில் அவன் உட்கார்ந்தான். அவள் கத்த நினைத்தாள். கத்தினால் பக்கத்து வீட்டார் ஓடி வருவார்கள். வந்து, இங்கே யாரும் இல்லையே என்பார்கள். அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அதனால் அவள் கத்தவில்லை. காப்பி போட்டாள். ஒரு கோப்பை அவளுக்கு. அவன் போகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று மட்டும்தான் தெரியவில்லை. அவன் வீட்டை எடுத்துக்கொள்ள வந்திருக்கிறானா, அவளையே எடுத்துக்கொள்ள வந்திருக்கிறானா?"

புத்தகத்தை மூடினாள். படாரென்று சத்தம் கேட்டது. முன்வரிசையில் யாரோ துள்ளி விழுந்தார்கள்.

"மீதியக் காசு குடுத்து வாங்கிப் படிங்க," என்றாள்.

எல்லாரும் கை தட்டின தட்டில் மெழுகுவர்த்தி அணைந்தது. ஈரிஸ் தன் கையை நீட்டி, "பாருங்க, முடி எல்லாம் எழுந்து நிக்குது" என்றாள். பாவிப்பெண், பார்க்கச் சொன்னாளே! "ஓட்னி, இன்னைக்கு நான் லைட்ட அணைக்காமத்தான் தூங்கப்போறேன்," என்றான் பெர்குர். புத்தகத்துக்கு அங்கேயே பேர் கொடுத்தவர்கள் பலர்.

ஹல்பேரா ஓட்னியின் கோட்டை எடுத்து வந்து, கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப்போனாள். வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடித் துடைப்பான் மட்டும் கிரீச் கிரீச்சென்று பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"அந்தப் புத்தகத்த நான் போன வாரமே படிச்சிட்டேன்," என்றாள்.

ஓட்னி கோட்டுப் பொத்தான்களைத் தடவிப் போட ஆரம்பித்தாள்.

"படகு வருது. அது சரி. அப்புறம் ஒரு பொம்பள போலீஸ் வர்றா. புருசன் ஓடிட்டான், ஃபிரிட்ஜு காலி, எல்லாம் நீ சொல்ற மாதிரிதான். சாம்பல் மனுசன் கடைசிப் பக்கம் வரைக்கும் வரல."

"நீ தூங்கிட்டே படிச்சிருப்ப."

"ஓட்னி." ஹல்பேரா துடைப்பானை நிறுத்தினாள். "அவன் எப்பலேர்ந்துடி வர்றான்?"

திட்டுவதற்கு ஒரு வார்த்தை தேடினாள் ஓட்னி. ஆயுசில் முதல்முறையாக ஒன்றும் கிடைக்கவில்லை.

"போன குளிர்காலத்துலேர்ந்து."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"வலதுல பாய விரிச்சுப் படுத்துட்டான். இடதுல இப்பத்தான் வாசப்படில நிக்கறான்." அப்புறம் பொங்கிக்கொண்டு வந்தது. "எங்கம்மாவ வெச்ச மாதிரி என்னையும் ஜன்னலோரம் வெச்சிருவாங்கடி. என் தலைக்கு மேல பேசுவாங்க."

"உன் தலைக்கு மேல பேச எவளுக்குடி தைரியம் இருக்கு? நாளைக்குக் காலைல நகரத்துக் கண் டாக்டர்கிட்டப் போறோம். நான் வண்டி எடுக்கறேன்."

"நான் வரல."

"வராட்டி தொட்டியில சொல்லிடுவேன். பெர்குர் முன்னாடி."

"நீ பொம்பள இல்லடி, பேய்."

"சரி. பேய் ஏழரைக்கு வரும், பூட்ஸப் போட்டுக்கிட்டு நில்லு."

போகிற வழியெல்லாம் பனிக்காற்று காரை ஓரத்துக்குத் தள்ளியது. கண்டுபிடித்துச் சொல்லப்போகிறார்களே என்ற பயத்துக்கு முன்னால் அந்தக் காற்று ஓட்னிக்கு ஒன்றுமே இல்லை. வண்டி கவிழ்ந்தால்கூட நல்லது என்று ஒரு வளைவில் நினைத்தாள். அடுத்த வளைவில், ஹல்பேராவும் சேர்ந்து சாவாளே என்று அதை வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

கண் டாக்டர் சின்னப் பெண். பூசி மெழுகாமல் பேசினாள்; அது ஓட்னிக்குப் பிடித்திருந்தது.

"வலது கண்ணுக்கு நேரம் கடந்துடுச்சு. இடது கண்ண ஊசி போட்டுப் பிடிச்சு வெக்கப் பார்க்கலாம். பிடிச்சு வெக்கத்தான். போனதத் திருப்பித் தர்றேன்னு நான் சொல்லல."

"வெயில் காலத்துலயே வந்திருந்தா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "வலதுலயும் ஏதாவது மிஞ்சியிருக்கும்."

அதுதான் உண்மை. பயத்துக்குக் கொடுத்த விலை ஒரு கண்.

"ஊசிய எங்க போடுவீங்க? கையிலயா?"

"கண்ணுக்குள்ள."

ஓட்னி எழுந்துவிட்டாள். கோட்டைத் தேடினாள். அதன் மேல் ஹல்பேரா உட்கார்ந்திருந்தாள்.

இமை மூடாதபடி ஒரு கம்பியை மாட்டினார்கள். மரத்துப்போக மருந்து விட்டார்கள். மேலே வெள்ளை வெளிச்சம். மீன் ஆலைப் பலகையில் தான் விரித்துப் போட்ட துண்டுகளின் கதி இதுதான் என்று ஓட்னி நினைத்துக்கொண்டாள். ஓரத்திலிருந்து ஏதோ மெல்லிசாக வந்தது.

"ஹல்பேரா! எதையாவது பேசு!"

"என்னத்தப் பேச? ஆங்... ஞாயித்துக்கிழமை அந்த டாக்டர் மாட்டிக்கிட்டான். கோர்ட்டுக்கு வர்றான். பச்சை சட்டை."

"பச்சையா? பொண்டாட்டியக் கொன்னவன் பச்சைல வருவானா? எவன்டி அவனுக்குத் துணி எடுத்துக் குடுத்தான்?"

"பேசாதீங்க, அசையக் கூடாது," என்றாள் டாக்டர்.

"நீ சொல்லுடி, நான் பேசல. மாமியார்க்காரி வந்தாளா?"

"வந்தா. வந்து அவன் மூஞ்சில..."

"மூஞ்சில?"

"முடிஞ்சது," என்றாள் டாக்டர்.

"முடிஞ்சதா? மாமியார் என்ன பண்ணினா, அதச் சொல்லச் சொல்லுங்க முதல்ல!" என்றாள் ஓட்னி. அப்புறம்தான் முடிந்தது எது என்று உறைத்தது. உயிர் போய் உயிர் வந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்த பிறகுதான் தொட்டிக்குப் போனாள். பெர்குர் கடுப்பில் இருந்தான்.

"முன்னூத்தம்பது பக்கம் ஓட்னி! கிறிஸ்துமஸ் ஆட்டுக்கறி ஆறிப்போற வரைக்கும் உக்காந்து படிச்சேன். எங்க அந்தச் சாம்பல் மனுசன்? நானும் பார்க்கறேன், பார்க்கறேன், வரவே மாட்டேங்கறான்!"

இதைச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள்.

"அவன் புத்தகத்துல இல்லய்யா. என் கண்ணுல இருக்கான். அன்னைக்கு எனக்கு எழுத்தே தெரியல. நானா உண்டாக்கிச் சொன்னேன்."

இப்படிச் சொல்ல நேருமோ என்றுதான் ஒரு வருசமாக அவள் பயந்துகொண்டிருந்தாள்.

"அப்ப அந்தத் தலகாணி?" என்று பெர்குர் மெதுவாகக் கேட்டான்.

"எனக்குக் கேட்டது வயலின் மட்டும்தான்."

பெர்குர் வாயைப் பொத்திக்கொண்டான். முடியவில்லை. முதலில் மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது, அப்புறம் தொட்டியே குலுங்கியது. ஓட்னியும் சிரித்தாள். ஆனால் மறுநாளிலிருந்து எல்லாரும் அவளிடம் செவிடியிடம் பேசுவது மாதிரி உரக்கப் பேசினார்கள். ரெண்டு பேர் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னாலேயே ஒருத்தருக்கொருத்தர் தலையை ஆட்டிக்கொண்டார்கள். தலையாட்டல் ஓரத்தில் தெரிந்தது. "நான் செவிடி இல்லடா, எருமைங்களா!" என்று கத்தினாள். கத்தின பிறகும் அம்மாவின் நாற்காலி மனசை விட்டுப் போகவில்லை. அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது?

மாதம் ஒரு தடவை ஊசி. பயம் ஒரு தடவைகூடக் குறையவில்லை. மூன்றாவது ஊசிக்கு அப்புறம் டாக்டர் சுவரிலிருந்த எழுத்துக்களைக் காட்டினாள். ஓட்னி சொன்னதைக் கேட்டு, நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. "பொறுத்துப் பார்க்கலாம்" என்றாள். டாக்டர்கள் 'பொறுத்துப் பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று ஓட்னி எல்லாத் தொடரிலும் பார்த்திருக்கிறாள்.

வெளியே வந்ததும் ஹல்பேராவிடம், "புத்தகக் கடைக்கு விடு" என்றாள்.

"எதுக்கு? விசயம் தெரிஞ்சதும் லில்யா உனக்குப் போன்ல கதை கேக்கறதுக்கு வழி பண்ணித் தந்திருக்காளே?"

"அதுல வாசிக்கிறவன் கொட்டாவி விடறது எனக்குக் கேக்குது. கடைக்கு விடு."

கடைக்குள் போனதும் ஹல்பேராவைச் சமையல் புத்தகங்களின் பக்கம் விரட்டிவிட்டாள். பக்கத்தில் ஆள் இருந்தால் உதவி செய்ய வந்துவிடுவார்கள். வாசலருகே புதுக் கொலை நாவல்கள் அடுக்கியிருந்தன. கனமானதாக ஒன்றை எடுத்தாள். திறக்கத் தைரியம் வரவில்லை. திருப்பினாள். பின்னட்டை மூலையில் வெள்ளையாகச் சின்ன ஒட்டுத்தாள். அதில் விலை இருக்கும்.

ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். மார்ச் மாதத்து வெயில், பனியில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். இடது கண்ணையும் மூடிக்கொண்டுதான் நின்றாள், வெகுநேரம். கடையில் யாரோ கடந்து போனார்கள். திறந்தாள்.

சாம்பல் நிறம் இருந்தது. ஓரமாக ஒதுங்கி இருந்தது. ஒட்டுத்தாளில் கறுப்பாக நாலு இலக்கம். முதல் இலக்கம் ஒன்றா ஏழா என்று சந்தேகம்; இடுப்பு கொஞ்சம் வளைந்து நின்றது. மற்ற மூன்றும் ஆடாமல் நின்றன. புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். அங்கே இருந்த பெண் அதை வாங்கக் கை நீட்டினாள். ஓட்னி கொடுக்கவில்லை.

"நீ சொல்லாத. நான் சொல்றேன்," என்றாள். ஒன்று என்றால் இவ்வளவு பெரிய புத்தகத்துக்கு ரொம்ப மலிவு. ஆனால் அது கணக்குப் போட்டுச் சொல்வது, கண்ணால் பார்த்துச் சொல்வது ஆகாது. மறுபடி ஒரு தடவை ஒட்டுத்தாளைப் பார்த்தாள். வளைந்த இலக்கத்தின் தலையில் ஒரு கோடு இருந்தது.

"ஏழாயிரத்து நானூத்தித் தொண்ணூறு," என்றாள். புத்தகத்தை அவளிடம் நீட்டினாள். "சரியா?"

அந்தப் பெண் புத்தகத்தை வாங்கி மிஷினில் காட்டினாள். அது ஒருமுறை கூவியது.

"ஆமாம், ஏழாயிரத்து நானூத்தித் தொண்ணூறு குரோனா."